அக்கா வழியாக வரும் நெட்

வீட்டுக்கு நெட் ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு, அதில் கேம் ஆடுகிறவர்களும் இரண்டு பேர். இப்படி ஒரு வீட்டில் அடிதடி நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் அது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஒருத்தி ஆடும்போது மற்றவள் நெட்டில் ஒரு படத்தை ஓடவிட்டால் போதும், துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்த ஆள் அப்படியே உறைந்து நிற்பான். மறுபடி அசையும்போது செத்துக் கிடப்பான். அப்புறம் சீப்பு பறக்கும், தலையணை பறக்கும், யாரால் செத்தான் என்ற பஞ்சாயத்து பக்கத்து வீடுவரை கேட்கும்.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் லென்ஸ் ஃபிரேமுக்குள் உட்காராது என்பதால் எதையும் அளந்தே பழகியவள். தங்கை கூரியர் ஆபீஸில் பார்சலுக்கு விலாசம் ஒட்டுகிறவள். பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார்ந்ததே கிடையாது என்பதால் எல்லோருக்கும் அவள் 'வாலு'. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது வாலுவுக்குப் பதினான்கு வயது, அக்காவுக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து ஏழு வருஷமாக ஒருத்திக்கு ஒருத்திதான்.

நெட் சண்டைக்கு முடிவு கட்டியவள் அக்கா. மோடத்தில் வயர் செருக நான்கு இடம் உண்டு. இடிமழை பெய்த ஒரு நாளில் மூன்று கருகிவிட்டன. வயர் இல்லாமல் பிடித்தாலோ, சுவரைத் தாண்டி வாலுவின் அறைக்குப் போவதற்குள் நெட் நொண்டியடித்தது. அதனால் மோடத்திலிருந்து தன் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர், அதிலிருந்து கதவிடுக்கு வழியாக வாலுவின் கம்ப்யூட்டருக்கு இன்னொரு வயர் என்று இழுத்தாள். அக்காவின் மெஷின் ஓடினால்தான் வாலுவுக்கு நெட். யாருக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக்கொடுக்க ஒரு சின்ன புரோகிராம் வேறு: இரண்டு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண், அவ்வளவுதான். சாதாரண நாளில் சரிபாதி. ஒருத்திக்கு முக்கியமான ஆட்டம் என்றால் மற்றவள் தன் பங்கையும் கொடுத்துவிட்டு, மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இது வீட்டுச் சட்டம்.

"டோல்கேட் திறந்திருக்கா?" என்று வாலு சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து கத்துவாள்.

"போய்த் தொலை" என்பாள் அக்கா. திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

லைன் எவ்வளவு தாமதிக்கிறது என்று திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். வாலு அதைத் தன் திரையில் மறைத்து வைத்திருந்தாள். பார்த்தால் பதற்றம் வருகிறதாம். "அதெல்லாம் அக்கா பார்த்துக்குவா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அக்காவும் பார்த்துக்கொண்டாள்.

அக்கா சுமாராக ஆடுவாள். வாலுவின் ஆட்டம் வேறு ரகம். எதிராளி எந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவான் என்று அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ, தலை வருவதற்கு முன்பே குறி அங்கே காத்திருக்கும். அதைப் பார்த்த ஒரு பெரிய டீமின் கோச், தேர்வு ஆட்டத்துக்கு வரச் சொன்னார். ஐந்து ஆட்டம், மூன்றில் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் வேறு ஊரில் அந்த டீமின் வீட்டில் தங்கி ஆடலாம். வாலு அன்று வீட்டுக்குள் நடக்கவே இல்லை, குதித்துக்கொண்டே இருந்தாள். குதித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"நீ என்னக்கா சொல்றே?"

"எனக்கென்ன. நல்ல விஷயம்தானே, போயிட்டு வா."

வாய்தான் அப்படிச் சொன்னது. காலையில் எழுந்து தன் ஒருத்திக்கு மட்டும் டீ போடுவதை நினைத்துப் பார்த்தாள். அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. முழு வேகத்தையும் வாலுவின் கட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஆட்டம் வாலுவுக்கு. இரண்டாவதும் வாலுவுக்கே. நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது, அந்த டீம்காரர்களோடு அவள் பேசிச் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை அக்கா இந்த வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. இன்னும் ஒரே ஆட்டம், அதோடு இவள் அவர்களுடையவள். அக்காவின் கை மடியைவிட்டு எழுந்தது.

ஆடத் தெரியாத அக்காவாக இருந்தால் ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கியிருப்பாள். அதில் பெரிய பாதகமில்லை; லைன் அறுந்தால் அந்த ஆட்டம் செல்லாது, மறுபடி வைப்பார்கள். இவளுக்கு அது தெரியும். எவ்வளவு குறைத்தால் ஆடுகிறவள் நெட்டைச் சந்தேகப்படாமல் தன் கையையே சந்தேகப்படுவாள் என்பதும் தெரியும். லென்ஸ் அளக்கிற அதே நிதானத்தோடு வாலுவின் கட்டத்துக்குள் வேறொரு எண்ணை அடித்தாள். கண்ணிமைப்பதில் பாதி நேரம்தான் தாமதம். அந்தப் பாதிக்குள் எதிராளி நகர்ந்துவிடுவான்.

மூன்றாவது ஆட்டம் போனது. நான்காவது போனது. ஐந்தாவதும் போனது. எல்லாம் முடிந்ததும் அக்கா பழைய எண்ணைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுந்து நின்றாள்.

வாலு வெளியே வந்தாள். அவள் அழவில்லை.

"அக்கா, லைன் ஏதாச்சும் மக்கர் பண்ணுச்சா?"

"இல்லையே. நான் பார்த்துட்டுதானே இருந்தேன், எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு வாலு முகம் கழுவப் போனாள்.

தங்கை ஊரைவிட்டுப் போகவில்லை. அக்கா நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் வீட்டில் தங்கியது பழைய வாலு இல்லை. கூரியர் ஆபீஸில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தாள். ஆடக் கூப்பிட்டால், "நீ ஆடுக்கா, நான் பார்க்கறேன்" என்று பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "உனக்கு எவ்வளவு நல்லா கை வருது" என்று ஒரு நாள் மனசாரச் சொன்னாள். அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐந்தாவது வாரம் வாலு கண்ணாடிக் கடைக்கே வந்துவிட்டாள். அக்காவைப் பார்க்க வரவில்லை; டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியாக அக்கா பார்த்தாள். கண் சோதிப்பவர் எழுத்துகளைக் காட்டக் காட்ட வாலு கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் படித்தாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. எனக்குத்தான் பொறாமையா இருக்கு."

"இல்ல சார், ஏதோ இருக்கு. நான் சுடுறதுக்குள்ள அவன் நகர்ந்துட்டான் சார். இன்னொரு தடவை பாருங்க."

மெஷினில் இருந்த லென்ஸ் அளவு தப்பித் தேய்ந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகள் கிடக்கிற இடத்துக்குப் போய், அந்த கோச்சுக்குப் போன் போட்டாள். தங்கையின் தேர்வு அன்று லைன் கெட்டிருந்தது, தப்பு எங்கள் வீட்டில்தான், அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அது எங்களுக்கு அன்னைக்கே சந்தேகமாத்தான்மா இருந்துச்சு" என்றார் கோச். "மூணாவது ஆட்டத்துல இருந்து தாமதம் எங்க பக்கம் நல்லாத் தெரிஞ்சுது. சாயங்காலமே உங்க தங்கச்சிக்கு எழுதிக் கேட்டேன். லைன் கோளாறுன்னா சொல்லுங்க, மறுபடி வைக்கிறோம்னு."

"அவ என்ன சொன்னா?"

"கோளாறு இல்லன்னு எழுதிட்டாங்க. எங்க அக்கா பக்கத்துலயே இருந்து பார்த்துட்டுதான் இருந்தா, கோளாறு இருந்திருந்தா அவ சொல்லியிருப்பான்னாங்க. அந்த இடத்துக்கு இப்போ வேற பொண்ணு வந்தாச்சும்மா. மன்னிச்சுக்குங்க."

அக்கா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் அவளைத் தேடிக் கூப்பிடுவது காதில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் வாலு துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, எந்த ஆட்டத்தில், எந்த எண்ணை எடுத்துவிட்டு எந்த எண்ணைப் போட்டாள் என்பதுவரை சொன்னாள். வாலு ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கண்ணுல கோளாறுன்னு நினைச்சேன்க்கா. இன்னைக்கு டெஸ்ட்கூடப் பண்ணிட்டு வந்தேன்."

"பார்த்தேன்."

"ஏன்க்கா?"

"நீ போயிடுவேன்னு பயந்துட்டேன்."

வாலு தலை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். சீப்பையோ தலையணையையோ எடுத்து எறிந்திருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கியிருப்பாள்.

"நான் உன்கிட்ட கேட்டேனேக்கா" என்றாள் வாலு. "நீ என்ன சொல்றேன்னு கேட்டேன் இல்ல. போகாதடின்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயே இருக்க மாட்டேன்."

மடித்த துணியில் தன்னுடையதை மட்டும் தனியாக எடுத்தாள். அதை ஒரு பையில் வைத்தாள். ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண்ணின் அறையில் இன்னொருத்திக்கு இடம் இருக்கிறதாம், கொஞ்ச நாள் அங்கே இருக்கிறாளாம். கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை, அது வேண்டாமாம். இதையெல்லாம் கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள்.

"போகாதடி" என்றாள் அக்கா.

வாலு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். கதவிடுக்கில் கிடந்த வயரில் கால் மாட்டாமல் தாண்டி, வெளியே போனாள்.