யானை மண்டி போடும் வியாழக்கிழமை

பல் டாக்டர் வீட்டு முன்னால் நிற்கும் அந்த வண்டிக்கு வயது பத்தொன்பது. அவர் வாங்கியபோதே அது பழசு. யாரோ பெரிய முதலாளி ஏறி உலா வந்தது; உள்ளே தோல் இருக்கை, மரப் பலகை பதித்த முகப்பு, அலமாரிக் கதவு போலக் கனத்த கதவுகள். வீட்டில் எல்லோரும் அதை யானை என்றுதான் சொல்வார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் அது 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டு, ஏறுகிறவருக்காக நாலு விரற்கடை கீழே இறங்கும். ஆள் ஏறியதும் மறுபடி எழுந்து நிற்கும். பாகன் பேச்சுக்கு மண்டி போடுகிற யானை வேறு என்ன செய்துவிடப் போகிறது.

டாக்டருடைய அக்காவுக்கு அந்த நாலு விரற்கடைதான் உலகம்.

அக்கா திரைச்சீலை தைப்பவள். பல வருஷத்துக்கு முன் நடந்த ஓர் அறுவைக்குப் பிறகு அவளுடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. சின்ன கார்களுக்குள் மடக்குக் கத்தி போல மடங்கித்தான் நுழைய வேண்டும். அவள் மடங்காத கத்தி. பஸ் படியோ அவள் இடுப்பு உயரம். யானை மண்டி போட்டால் மட்டும் அதன் இருக்கை சரியாக அவள் உட்காரும் உயரத்துக்கு வரும். பக்கவாட்டில் சாய்ந்து, காலை நீட்டியபடியே உள்ளே திரும்பிக்கொள்வாள். தம்பிக்கு வியாழக்கிழமை விடுமுறை. அன்றைக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக ஜன்னல் அளக்கப் போவார். அடுத்தவர் அளந்து சொன்னதைக் கேட்டுத் தைத்தால் ஒரு திரை தரையைப் பெருக்கும், இன்னொன்று முழங்காலோடு நின்றுவிடும். அதனால் அளவு நாடாவை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. வருகிற வியாழனுக்கு ஒரு நூலகத்தின் வாசிப்பறை காத்திருந்தது. இருபத்திரண்டு ஜன்னல்கள். இத்தனை பெரிய வேலை இதுவரை அவளுக்கு வந்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் யானைக்கு நோவு.

இரண்டு மாதமாக, காலையில் பார்த்தால் வண்டியின் பின்பக்க இடது மூலை தொங்கிக் கிடந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண் அசந்தவரைப் போல. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அக்காவை உறுத்தியது வேறு. வியாழக்கிழமை தோறும், அவள் ஏறுகிற கதவுக்குக் கீழே தரையில் எண்ணெய் தேங்கியது. மற்ற நாட்களில் இல்லை. அவள் ஏறுகிற அன்றைக்கு மட்டும்.

முதல் தடவை பார்த்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் தடவை முடிவுக்கே வந்துவிட்டாள். தன் கனம் தாங்காமல்தான் அது எண்ணெய் கக்குகிறது. மறுநாளிலிருந்து டீக்குச் சர்க்கரையை நிறுத்தினாள். இரண்டாம் தடவை சோறு போட வந்த கரண்டியைக் கையால் மறித்தாள். மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி மனைவி, "அண்ணி முகமே சரியில்ல" என்று கவலைப்பட்டு, பசி எடுக்க ஒரு டானிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்ததும் பாவம், அக்காவுக்கு இன்னும் பசித்தது.

இதோடு விடவில்லை. வண்டியைத் தூக்கி இறக்குகிற எண்ணெய்க்கான தொட்டியின் மூடியில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி, ஆள் அனுப்பி அதே எண்ணெய் ஒரு டின் வாங்கி, லைனிங் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். புதன்கிழமை மத்தியானம் தம்பி யாருடைய வாய்க்குள்ளாவது குனிந்திருப்பார், அவர் மனைவி கடையில் இருப்பாள். அந்த நேரம் அக்கா கைத்தடியின் வளைவை உள்ளே விட்டு பானெட் கொக்கியை இழுப்பாள். பானெட்டைத் தாங்க வேண்டிய தண்டு எப்போதோ சோர்ந்துபோனதால் ஒரு திரைக்கம்பியை முட்டுக் கொடுப்பாள். எட்டிப் பார்த்தால் தொட்டியில் எண்ணெய் எப்போதும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும் நீள மூக்குக் குவளையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். அதில் ஊற்றி, கோடு வரைக்கும் நிரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் திரும்ப வந்து மிஷினில் உட்கார்ந்துகொள்வாள்.

நூலகத்துக்கு முந்தின வியாழக்கிழமை, வழக்கமான ஒரு வீட்டுக்குக் கிளம்பும்போது, தாம்பாளம் அகலத்துக்கு எண்ணெய். இனி பார்க்காத மாதிரி நடிக்க முடியாது என்று டாக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் 'பொறுங்க அண்ணன்' என்று பேர். எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். வந்ததும் வராததுமாக அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. டாக்டர், அவர் மனைவி, அக்கா மூவரும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஆபரேஷன் அறை வாசலில் நிற்பவர்களைப் போல.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"பொறுங்க."

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து உட்கார்ந்தார். இடது கன்னத்தை ஒரு தடவை அழுத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா ஒழுகுது டாக்டர்?"

"ஒழுகுதுன்னு சொல்ல முடியாது. லேசா கசியும்."

"லேசா கசிஞ்சதுக்கா இந்தக் குளம்? நீச்சல் தெரியாதவங்க தள்ளி நில்லுங்க. சரி, நடுவுல யாராவது எண்ணெய் ஊத்துனீங்களா?"

"நானா? இல்லையே," என்றார் டாக்டர், சற்று வேகமாக.

"எனக்கு அந்த மூடிய எப்படித் திறக்கறதுன்னே தெரியாது," என்றாள் அவர் மனைவி.

அக்கா மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகத்தைக் கவனித்தாள்.

"ஊத்தாமலே இவ்வளவு போயிருக்குன்னா தொட்டி காலி ஆகிற நேரம்தான். அடியில பூரா துரு, பூரா எண்ணெய். முன்னாலயும் ஒழுகுது, பின்னாலயும் ஒழுகுது. இந்த வயசு வண்டிக்கு குழாய் முழுக்க மாத்தறதுன்னா சாமான் கிடைக்காது." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். இந்த எண்ணெய் சமாசாரத்தையே கழட்டிப் போட்டுட்டு நாலு காலுக்கும் சாதா ஸ்பிரிங் வச்சிடலாம். அப்புறம் ஆயுசுக்கும் தொந்தரவு இல்ல. ஜம்முன்னு நிக்கும்."

"குனியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"சாதா ஸ்பிரிங் யாருக்கும் குனியாது அக்கா."

டாக்டர், "ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம். அதுல ஏறி, அப்படியே உள்ள..." என்றார்.

"எப்படி?" என்றாள் அவர் மனைவி. "ஒரு காலை மடக்காம நீங்க ஏறிக் காட்டுங்க, பாப்போம்."

டாக்டருக்கு ரோஷம். சிகிச்சையறையிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, வலது காலை மரக்கட்டை போல விறைத்துக்கொண்டு ஏறினார். ஸ்டூல் வரைக்கும் சரி. அங்கிருந்து உள்ளே திரும்பும்போது விறைத்த கால் கதவில் இடித்து, கை பிடிப்பைத் தேடி, கடைசியில் மெக்கானிக்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தரைக்கு வந்து சேர்ந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்லுவாங்க," என்றாள் மனைவி. "பாகனுக்குச் சறுக்கினத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் அவள் மனசுக்குள் இருபத்திரண்டு ஜன்னல்களும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. நூலகம் மட்டுமா. சாதா ஸ்பிரிங் வந்துவிட்டால் இனி வாசல்தான் அவளுக்கு எல்லை. யாரோ அளந்து கொடுப்பதை வாங்கித் தைத்துக்கொண்டு, ஜன்னலையே பார்க்காமல் ஜன்னலுக்குத் துணி வெட்டிக்கொண்டு. அதற்கு உண்மையைச் சொல்லி வெட்கப்படுவது மேல்.

மெக்கானிக் அட்டையைச் சுருட்டத் தொடங்கினார்.

"பொறுங்க," என்றாள் அக்கா.

தன் வார்த்தையை இன்னொருத்தர் வாயில் கேட்ட மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார்.

"ஊத்தாம இல்ல. நான் ஊத்தறேன். புதன்கிழமை தோறும். அதனால ஒழுகினது அவ்வளவும் வண்டியோடதுன்னு கணக்குப் போட்டுடாதீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம், குழாய் மேலயும் தப்பு இல்ல. நான் ஏர்ற அன்னிக்குத்தான் ஒழுகுது. என் கனம்தான். சர்க்கரையைக்கூட விட்டுப் பாத்துட்டேன்."

"அக்கா," என்றார் தம்பி.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு எதையோ நோண்டினார். பிறகு ஒவ்வொரு பொருளாக எடுத்து முன் சக்கரத்தின் மேல்தகட்டில் வரிசையாக வைத்தார். முதலில் ஒரு திரை வளையம். அடுத்து, ஊசிமருந்து ஏற்றும் சிரிஞ்சின் மூடி. மூன்றாவது, பல் பிடுங்கிய இடத்தில் வைக்கிற, விரல் பருமன் பஞ்சுச் சுருள் ஒன்று.

"வளையத்துக்கு ஆள் வந்தாச்சு," என்றார். "மிச்சம் ரெண்டும் யாரோடது? வண்டி தானா ஊசி போட்டுக்கிட்டுப் பல்லையும் பிடுங்கிக்காது."

டாக்டர் பஞ்சைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "காலையில மட்டும்தான். புனல் வச்சு. வழிஞ்சதைத் துடைச்சேன், பஞ்சு உள்ள விழுந்துடுச்சு."

"அதானே, இல்லையேன்னு சொல்றப்பவே நினைச்சேன்," என்றாள் மனைவி.

"நீ மட்டும்? திறக்கவே தெரியாதுன்ன."

"மூடியத் திறக்கத் தெரியாது. மூடியில இருந்த சின்ன ஓட்டை வழியா சிரிஞ்சால விட்டேன்," என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "வாங்கறப்ப யானையைக் கட்டித் தீனி போடப் போறீங்களான்னு நான்தானே கேலி பண்ணினேன். ஒழுகுதுன்னு தெரிஞ்சா நீங்க என் பேச்சுக்கு பயந்து வித்துடுவீங்க. அண்ணி எப்படிப் போவாங்க?"

"நீ தெரிஞ்சுக்கிட்டா விக்கச் சொல்லுவன்னுதான் நான் மறைச்சேன்."

"ஆக மூணு பேரு, மூணு டின்," என்றார் மெக்கானிக். "மூணும் ஒரே எண்ணெய்தானா, கொண்டாங்க."

எக்ஸ்ரே படங்களுக்குப் பின்னாலிருந்து ஒன்று, டானிக் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து ஒன்று, லைனிங் துணிக்கு அடியிலிருந்து ஒன்று. மூன்றும் ஒரே ரகம். "படிச்ச குடும்பம்," என்று மெக்கானிக் தலையாட்டினார். "இப்ப சொல்லுங்க டாக்டர். ஊத்தும்போது வண்டி எந்த உயரத்துல நின்னுச்சு?"

"நல்லா தூக்கித்தான். பின்னால தொங்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு, காலையில எழுந்ததுமே முழுக்கத் தூக்கி வச்சிடுவேன்."

"அங்கதான் வினை. வண்டி தூக்கி நிக்கும்போது எண்ணெய் பூரா கால்ல இருக்கும். தொட்டியில குறைஞ்சுதான் தெரியும். அதுல கோடு வரைக்கும் ஊத்திட்டா, குனியும்போது கால்ல இருக்கிறது திரும்பி வந்து எங்க நிக்கும்? பொறுங்க, காட்டறேன்."

இஞ்சினை ஓட விட்டு, யாரையும் ஏற்றாமல், வெறும் வண்டியைக் குனிய வைத்தார். 'ஸ்ஸ்' என்றது யானை. தொட்டியில் எண்ணெய் மெல்ல ஏறியது, கோட்டைத் தாண்டியது, மூடியின் விளிம்பில் பொங்கியது, பக்கவாட்டில் வழிந்து, அக்கா ஏறும் கதவுப் பக்கமாகத் தரையில் சொட்டியது.

அக்கா அந்தச் சொட்டையும் காலி இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள யாரும் இல்லையே," என்றாள்.

"யாரும் இல்ல. நீங்க ஏர்றதுக்கு முன்னாடியே வழிஞ்சாச்சு. வியாழக்கிழமைதானே குனிய வைக்கறீங்க, அதான் வியாழக்கிழமை குளம். உங்க கனத்துக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது."

அக்கா சற்று யோசித்தாள். "அப்ப இத்தனை நாளா நான் சர்க்கரை இல்லாம குடிச்ச அந்த டீ எல்லாம்?"

"அதுக்கு என்னால கேரண்டி குடுக்க முடியாது அக்கா."

முன்பக்கம் வழிந்தது ஒழுக்கல்ல என்று தெரிந்ததும் மெக்கானிக்குக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்துப் பார்த்தார். பின் இடது காலுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்றில் மட்டும் வெடிப்பு. வியர்வை போல எண்ணெய் துளிர்த்தது. குழாய் ஒரு முழம்கூட இல்லை. அதை மட்டும் மாற்றினால் போதும், செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். "துரு இருக்கு. இது சாகாவரம் வாங்கிக்கிட்டு வந்த வண்டி இல்ல. ஆனா இன்னும் சில வருஷம் குனியும்." புனல், சிரிஞ்ச், நீள மூக்குக் குவளை மூன்றையும் பறிமுதல் செய்து தன் பையில் போட்டுக்கொண்டார். "டாக்டர், பல்லுல லேசா கூச்சம் வந்த அன்னிக்கே வரலன்னு எங்களை எவ்வளவு திட்டுவீங்க. நீங்க ரெண்டு மாசம் ஊத்தி ஊத்தி மூடி வச்சிருக்கீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தம்பியை அவள் திட்டலாம். ஊரார் திட்டக் கூடாது.

"நீங்க மட்டும் என்ன," என்றாள். "வந்ததுலேருந்து அந்தக் கன்னத்துல கிராம்பை மாத்தி மாத்தி அடக்கிக்கிட்டு இருக்கீங்க. அது எத்தனை மாசமா ஒழுகுது?"

மெக்கானிக் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். டாக்டர் தலை நிமிர்ந்தது. முகத்தில் பழைய களை வந்தது. "வாங்க உள்ள."

"இன்னொரு நாளைக்கு..."

"பொறுங்க," என்றார்கள் மூன்று பேரும்.

சிகிச்சை நாற்காலியில் அவரைச் சாய்த்து, டாக்டர் மிதியை அமுக்கினார். நாற்காலி 'ஸ்ஸ்' என்று கீழே இறங்கியது. வாயை அகலத் திறந்து படுத்திருந்த மெக்கானிக், கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"டாக்டர், இதுவும் இடது பக்கம் கொஞ்சம் தொங்குது."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி அக்காவைப் பார்த்தாள்.

"சத்தியமா இதுல நான் ஊத்தல," என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை குழாய் மாறியது. புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்குக் கை பரபரத்தது. நூலகத்துக்கான துணி மாதிரிகளைக் கத்தரித்து அதை அடக்கினாள்.

வியாழக்கிழமை காலை யானை நாலு காலிலும் சமமாக நின்றது. தம்பி பொத்தானை அமுக்கினார். அது மூச்சு விட்டு மண்டி போட்டது. அக்கா சாய்ந்து, காலை நீட்டி, உள்ளே திரும்பிக்கொண்டாள்.

"தூக்கட்டுமாக்கா?"

"பொறுடா."

அவள் கதவுக்கு வெளியே தலையை நீட்டித் தரையைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தம்பியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போவதாகச் சொன்ன அவர் மனைவி வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். தரை காய்ந்து கிடந்தது.

மனைவி எழுந்து வந்து ஜன்னல் வழியாக ஒரு ஃபிளாஸ்க்கை நீட்டினாள்.

"டீ. மூணு கரண்டி சர்க்கரை போட்டிருக்கேன் அண்ணி. பழைய பாக்கியையும் சேத்து."

அக்கா அதை மடியில் வைத்து, அளவு நாடாவை அதன் மேல் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப தூக்கு," என்றாள்.