பதினோராம் வரிசை

மருதமுனை நெசவாளி சீனிமுகம்மதுவின் சந்தேகத்தைச் சாகாமக் குளத்தில் ஊற்றினால் குளம் நிரம்பி வழிந்து வான் பாயும். பால் வாங்கினால் மாட்டையும் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அப்படிப்பட்டவர், ஐம்பத்துநாலாம் வருஷத்து மாரியில், தன் வீட்டிலேயே களவு நடப்பதைக் கண்டுபிடித்தார்.

முதலில் கஞ்சி போட்ட நூலில் நாற்பது முழத்தைக் காணவில்லை. பிறகு நூல் சுற்றும் உருளை ஒன்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் சுல்பிகா, விஞ்ஞானம் படிப்பிக்கும் நல்லரெத்தினம் மாஸ்டர் கொண்டுவரச் சொன்னதாகச் சொன்னாள். மாஸ்டருக்கு நூல் எதற்கு? மூன்று கிழமை சீனிமுகம்மதுவுக்குச் சோறு இறங்கவில்லை. வேளைக்கு மூன்று கோப்பை சாப்பிட்டார் என்று மனைவி றாபியா சொல்வது வேறு கதை.

கடைசியில் மகளின் புத்தகத்துக்குள் ஒரு தாள் அகப்பட்டது. கட்டம் போட்ட தாள். அதில் சிவப்பு மையால் படிப்படியாக ஏறி இறங்கும் வடிவம். இடுப்பில் கட்டும் சாறனுக்குக் கரை நெய்யுமுன் நெசவாளிகள் இப்படித்தான் கட்டத்தில் வரைந்துகொள்வார்கள். ஆக, பள்ளிக்கூடத்துக்குள் யாரோ களவாகத் தறி போடுகிறார்கள். மகள் கையாலேயே தன் கரைகள் போகின்றன. இன்றோடு படிப்பை நிறுத்தினேன் என்றார். சுல்பிகா அழுத அழுகையில் மாரி வெட்கப்பட்டு ஓய்ந்தது. ஒருக்கா வந்து பார்க்கும்படி கெஞ்சினாள். கள்ளனைக் கையோடு பிடிக்க அவரும் புறப்பட்டார்.

பள்ளிக்கூடத்தில் தறி இல்லை. கிணற்றுக்கு மேலே பழைய சைக்கிள் சில்லு ஒன்று தொங்கியது. அதன்மேல் அவருடைய நூல். ஒரு நுனியில் தண்ணீரில் மிதக்கும் தகரப் பேணி, மறு நுனியில் பாரத்துக்கு மணல் அடைத்த அவருடைய உருளை. மழைக்குத் தண்ணீர் ஏறினால் பேணி ஏறும், சில்லு சுழலும், அதில் கட்டிய ஈர்க்கு எத்தனை அங்குலம் என்று காட்டும். எல்லாம் பிள்ளைகள் செய்ததாம், மாஸ்டர் சொன்னார். தினமும் பார்த்துக் கட்டத்தில் குறிப்பது சுல்பிகாவின் வேலையாம்.

சீனிமுகம்மது நம்பவில்லை. தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தார்.

"தண்ணியெண்டு சொல்றீங்க மாஸ்டர். அப்ப இந்தப் பதினோராம் வரிசை ஏன் பிழைச்சிரிக்கி? முன்னுக்கும் ஏறுது, பின்னுக்கும் ஏறுது, நடுவுல மட்டும் விழுந்து கிடக்கு. இப்படி ஒரு இழையை நான் விட்டா தறியை விட்டே எழும்பிருவன்."

மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். "ஓம் சீனிமுகம்மது நானா, புதன்கிழமை. அண்டைக்கு நல்ல மழை. தண்ணி இறங்க ஏலாதே."

சுல்பிகா கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, அன்று தான் வரவில்லை, மனதால் ஒரு அளவைக் குறித்துவிட்டேன் என்றாள். ஏன் வரவில்லை என்று மாஸ்டர் கேட்டார்.

"வாப்பா நூல் சுத்த வீட்டுல மறிச்சிட்டாரு, சேர்."

சீனிமுகம்மது சில்லைப் பார்த்தார், பேணியைப் பார்த்தார். சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காமல் போனது அவர் வாழ்நாளில் அன்றுதான்.

அடுத்த புதன்கிழமை நூலை அவரே சுற்றினார். அவ்வளவு கோணலாக ஊரில் எவரும் சுற்றியதில்லை. சுல்பிகா பள்ளிக்கூடம் போனாள். அந்தத் தாளை மட்டும், பிறர் கைக்குப் போய்விடும் என்று, அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பெருநாள் தொழுகைக்கு மருதமுனையில் பாதிப்பேர் பள்ளிக்கூடக் கிணற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சாறன் கரையில் பதினோராம் வரிசையைத் திருத்தித்தான் நெய்திருந்தார்.