வெறும் துப்பாக்கி

உலகத்தில் துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள் மொத்தம் நாலே பேர். அதில் மூன்று பேர் செத்துவிட்டார்கள்.

தெற்கு டகோட்டாவில், கோல்பி கவுண்டி ஷெரிப் அலுவலகத்தின் காபி இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கண் இமைக்காமல் இந்த உண்மையை அறிவித்தவன் துணை ஷெரிப் வெர்லின் ஸ்ட்ரோ. நாலாவது ஆள் யார் என்று அவன் சொல்லவில்லை. அடக்கம்.

அந்த வாரத்தில் இதை அறிவிக்க வேண்டி வந்ததற்கு ஒரு சின்னக் காரணம் இருந்தது. வருடாந்திரச் சுடுதேர்வில் வெர்லின் தோற்றிருந்தான். ஐம்பது தோட்டாக்களில் நாற்பது வட்டத்துக்குள் விழ வேண்டும். விழுந்தது முப்பத்தாறு. காற்று என்றான். அந்தக் காற்று மற்ற பதினொரு பேரையும் விட்டுவிட்டு அவனை மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ரோந்து வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு, சிறைக்கூடத்துக்குள் போய் மூன்று வேளையும் கைதிகளுக்குத் தட்டு நீட்ட வேண்டியதுதான். பதினேழு வருடமாக ஆற்றங்கரையிலிருந்து மாநில எல்லை வரை அந்தச் சரளைச் சாலைகளில் ஓட்டியவன். பண்ணை நாய்கள் அவன் வண்டிக்கு மட்டும் குரைப்பதில்லை. வீட்டில் தூங்குவான், சாப்பிடுவான். மற்றபடி அவன் வாழ்ந்ததெல்லாம் அந்த வண்டியில்தான்.

துப்பாக்கியும் இந்த வருடம் மாறியிருந்தது. புதிதாக வந்த பிஸ்டலுக்குப் பின்னால் சுத்தியல் கிடையாது; தோட்டாவைக் குத்தும் ஊசி உள்ளேயே ஒளிந்திருக்கும். வெறுமனே ஒருமுறை விசையை அழுத்தினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், அதோடு செத்துப்போகும். மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

இப்படி அழுத்துவதையும் இழுப்பதையும் தினமும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தவள் இன்னொரு துணை ஷெரிப்பான இடெல்லா. வேலைக்கு வந்து இரண்டு வருடம். பணி தொடங்குவதற்கு முன் தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, உடை மாற்றும் அறையின் செங்கல் சுவரைக் குறிபார்த்து நிற்பாள்.

"ஏம்மா, அந்தச் செவுரு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் வெர்லின்.

"பேசாதீங்கண்ணே, முனை ஆடுது."

க்ளிக்.

"தோட்டா இல்லாம சுடுறது எப்படி இருக்கு தெரியுமா? காலித் தட்ட முன்னாடி வச்சுக்கிட்டு ஆட்டுக்கறி மெல்ற மாதிரி இருக்கு."

"மென்னு பழகினா புரை ஏறாதுண்ணே. போன செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஏறுச்சே."

"அது காத்தும்மா."

"ஆமாண்ணே. யார் வாயிலேருந்து வந்த காத்துன்னுதான் ஊர்ல பேசிக்கிறாங்க."

வியாழக்கிழமை இரண்டாவது வாய்ப்பு. புல்வெளிக்கு நடுவே மண்மேடு கட்டிய சுடுதளம். காற்று சொல்லிவைத்தாற்போல் விடுப்பில் போயிருந்தது. வெர்லின் ஐம்பதையும் சுட்டு முடித்தான். தேர்வு நடத்தும் சார்ஜென்ட் ஹால்வர்சன் காகித இலக்கின் பக்கத்தில் போய் நின்று, பென்சிலால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டு எண்ணினார். ஒரு நாளைக்கு முப்பது வார்த்தைக்கு மேல் பேசினால் தொண்டை கட்டிக்கொள்ளும் மனிதர் அவர்.

"முப்பத்தேழு."

தப்பிப்போனவை அத்தனையும் கீழே இடது பக்கமாகக் கூட்டமாகக் கிடந்தன.

"குறிமுள்ளு கோணல், சார்ஜென்ட். நீங்களே பாருங்க, எல்லாம் ஒரே பக்கம் போகுது. துப்பாக்கி சரியில்ல."

ஹால்வர்சன் அந்தத் துப்பாக்கியை வாங்கி இடெல்லாவிடம் கொடுத்தார். ஐந்து முறை சுட்டாள். ஐந்து ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். துப்பாக்கி குற்றமற்றது என்று விடுதலையானது.

சார்ஜென்ட் முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டா அடைக்கும் மேகசினில் ஏதோ நிரப்பினார். திரும்பி வந்து நீட்டினார்.

"பத்து. நிதானமா."

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு வெர்லின் விசையை அழுத்தினான்.

க்ளிக்.

வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை, வெடித்ததாகவே நினைத்துக்கொண்டு, தீனி கொத்தப் போன கோழிபோல் கீழே பாய்ந்து நின்றது. வெடிக்கும்போது துப்பாக்கி உதறும் ஆட்டத்தில் இதெல்லாம் மறைந்துவிடும். இப்போது மறைக்க எதுவும் இல்லை. மருந்தில்லாத போலித் தோட்டா. இன்னும் எத்தனை கலந்திருக்கிறார், எந்த இடத்தில் என்று தெரியாது.

ஸ்லைடை இழுத்துப் போலியை வெளியே தள்ளினான். அடுத்ததில் அசையக் கூடாது. அசையவே கூடாது. கைப்பிடியை நொறுக்கிவிடுவதுபோல் பிடித்தான். முதுகில் பதினொரு ஜோடிக் கண்கள். விரல் பின்னுக்கு வந்துகொண்டே இருந்தது. வெடித்தது. அதற்கடுத்தது மறுபடி க்ளிக். மறுபடி முனை பாய்ந்தது, இந்த முறை இன்னும் ஆழமாக. கண்ணை மூடியிருந்தான் என்பதே திறந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இடெல்லா குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த ஷூ நாடாவை மறுபடி கட்டினாள்.

"திங்கட்கிழமை ஒம்பது மணி. கடைசி," என்றார் ஹால்வர்சன். மிச்சத் தோட்டாக்களைத் தன் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் திருப்பித் தந்தார். "வீட்டுக்குக் கொண்டுபோ."

"தோட்டா?"

"வேணாம்."

"தோட்டா இல்லாம வீட்ல வச்சுக்கிட்டு நான் என்னத்த பண்றது?"

அன்றைய முப்பது வார்த்தை தீர்ந்துவிட்டது போலும். சார்ஜென்ட் வண்டியேறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வெர்லின், போலித் தோட்டா என்பது ஒரு கண்கட்டு வித்தை என்றும், தெருச் சண்டையில் எவனும் போலித் தோட்டா போட்டுக்கொண்டு வருவதில்லை என்றும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினான்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிலவறையின் படி இறங்கினான்.

வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாக்களைக்கூட வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஸ்லைடை இழுத்துப் பிடித்து உள்ளே பார்த்தான். சுண்டுவிரலை விட்டுத் தடவினான். காலி. மறுபடி பார்த்தான். காலிதான். காங்கிரீட் சுவரில் ஒரு விதைக் கம்பெனியின் நாட்காட்டி தொங்கியது. சுவருக்குப் பின்னால் மண். பதினான்காம் தேதியைக் குறிபார்த்தான்.

வீட்டில் தோட்டா இல்லை என்று அவனுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை. பாதியில் நின்றது. மூச்சு மார்பிலேயே தங்கியது. யாரோ பின்னாலிருந்து அடிக்க வருவதுபோல் தோள் தானாக மேலே ஏறியது.

க்ளிக்.

முனை பதினான்கிலிருந்து இருபத்தேழுக்கு விழுந்தது.

காற்று இல்லை. வெயில் இல்லை. போலித் தோட்டா வைக்க சார்ஜென்ட்டும் இல்லை. வெடிக்கவே முடியாத ஒரு பொருளுக்கு அவன் பயந்திருந்தான். இருபத்தேழாம் தேதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பதினேழு வருடத்தில் எத்தனை முறை இப்படி என்று நினைக்கப் போய், நினைப்பதை நிறுத்திக்கொண்டான்.

ஸ்லைடை இழுத்து விட்டான். க்ளிக். இழுத்தான். க்ளிக்.

"வெர்லின்!" மேலே சமையலறையிலிருந்து அவன் மனைவி ட்வைலா. "கீழ என்ன டக்கு டக்குன்னு சத்தம்?"

"வாஷிங் மெஷினு."

"அதைத்தான் போன வருஷமே மேல கொண்டுவந்துட்டோமே."

கொஞ்சம் யோசித்தான். "அதான், இங்க இல்லையான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

மேலே காலடிகள் ரேடியோ பக்கம் போயின. பிறகு ரேடியோவின் சத்தம் கூடியது. நிலவறை வரை கேட்கும் அளவுக்குக் கூடியது.

வெர்லின் மூச்சை மெல்ல விட்டான். தோளை இறக்கினான். பதினான்கு. விரலை மட்டும், விரலை மட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அழுத்தினான். முனை ஆடி, இந்த முறை ஒரு வரிசை மட்டும் இறங்கி, இருபத்தொன்றில் நின்றது.

ஸ்லைடை இழுத்தான்.