கூரையில்லாத பரண்

கிழிசல் என் தலைக்கு மேல் சுற்றவில்லை. அவர் தலைக்கு மேல்தான் சுற்றியது.

"மாமா, மேல பாருங்க" என்றேன். போனில் என் கணவரின் மூச்சு மட்டும் கேட்டது. விளையாட்டுத் திரையில் அவருடைய உருவம் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது.

"இன்னா இது, எப்படி வந்துது?" என்றார்.

கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, யார் அது என்று கேட்பதுபோல் இருந்தது.

அந்த விளையாட்டில் எல்லாமே கட்டைதான். மண் கட்டை, கல் கட்டை, மரக் கட்டை. பெயர்த்தெடுத்து அடுக்கினால் வீடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு நாக்பூர் பக்கம் கிளம்புவதற்கு முன் என் கணவர் சக்கரவர்த்தி அதை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். "தெனமும் பேச இன்னா கீது காந்தா, பேசினா சண்டைதான் வரும். இதுல ஒரு வூடு கட்டலாம்" என்றார். கட்டினோம். மாமனார் வீட்டில் ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் குடும்பம் நடத்துகிற எங்களுக்கு அதுதான் முதல் தனிவீடு. இரண்டு கட்டில், ஒரு பெட்டி, கிழக்கே பார்த்த வாசல். எங்கள் இருவரைத் தவிர அந்த உலகத்துக்குள் வேறு யாரும் வர முடியாது. அவர் நினைத்தால் யாரையும் சேர்க்கலாம். அந்த உரிமை அவரிடம் மட்டும்தான் இருந்தது.

கிழிசல் என்று பெயர் வைத்ததும் அவர்தான். கிழிந்த கம்பளி ஒன்று பச்சைக் கண்ணோடு பறந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். விளையாட்டிலும் இரவு வரும். நம் இரவு இல்லை, பட்டப்பகலில் நாம் விளையாடும்போதே அங்கே இருட்டி, கொஞ்ச நேரத்தில் விடிந்துவிடும். இருட்டியதும் கட்டிலில் படுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற எல்லோரும் படுத்தால் உடனே விடியும். மூன்று இரவு படுக்காமல் திரிகிறவர்மேல்தான் கிழிசல் இறங்கும். அவர்மேல் மட்டும்தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கிற இரவுகளில் ஒன்றில்கூட அவர் படுக்காமல் இருந்ததில்லை. அப்படியென்றால் நான் இல்லாதபோது அங்கே வந்திருக்கிறார். வந்து, படுக்காமல் இருந்திருக்கிறார்.

"நீங்க தனியா வந்து ஆடறீங்களா?"

"நானா? வண்டியில எனக்கு மூச்சு வுட நேரமில்ல."

"அப்ப இது ஏன் உங்க மேல வருது?"

"கேம் எதுனா தப்பா ஓடுது போல" என்றார். "சரி, பைப் எறக்கணும், கூப்புடறாங்க." உருவம் மறைந்தது.

மலைமேல் இருக்கிற எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது எங்கள் சாமைக் கொல்லைப் பரணில் மட்டும்தான். நாலு கால் நட்டு, மூங்கில் பரப்பி, ஆள் உயரத்துக்கு மேலே கட்டியது. ராத்திரி பன்றிக்கு மாமனார் காவல். பகலில் கிளிக்கும் குருவிக்கும் நான். தகரத்தைத் தட்டுவதும் கத்துவதும் போக, மிச்ச நேரம் எனக்கும் போனுக்கும். மதியச் சமையலுக்கு நான் இறங்கும்போது நாத்தனார் தேவயானி ஏறிக்கொள்வாள். திருப்பத்தூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தவள். போனை அவளிடம் விட்டுவிட்டுத்தான் போவேன். அவள் ஏதாவது படம் பார்ப்பாள். எங்கள் விளையாட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "கட்ட கட்டயா இன்னா அண்ணி இது, செங்கச் சூளையா?" என்று கேட்டவள் அவள்.

அன்றிலிருந்து நான் தனியாக உள்ளே போய் வீட்டைச் சோதிக்கத் தொடங்கினேன். பெட்டியில் ரொட்டி குறைந்திருந்தது. நான் எடுக்கவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூச்செடி நட்டிருந்தது. நான் நடவில்லை. அவர் பூச்செடி நடுகிற ஆள் இல்லை. நிஜத்தில் வாசலில் இருந்த கனகாம்பரத்தைப் பிடுங்கிப்போட்டு அங்கே வண்டி நிறுத்தியவர்.

பூச்செடியைப் பார்த்த பிறகு, அங்கே ஒருத்தி வந்துபோகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்பூர் பக்கம் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆகவே ஒடுகத்தூர் சந்தையில் ஒருமுறை பார்த்த ஒருத்தியின் முகத்தை அவளுக்குக் கொடுத்தேன். கொய்யாப்பழத்தை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவள். நடையையும் கொடுத்தேன். இரண்டு நாளில் அவள் எங்கள் வீட்டில் என் கட்டிலில் படுத்து எழுந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நானே உண்டாக்கியவள் என்று தெரிந்தும் அவளை வெளியே அனுப்ப என்னால் முடியவில்லை.

தேவயானி ஏணியில் ஏறிக்கொண்டே கேட்டாள். "இன்னா அண்ணி, மூஞ்சி இப்படி கீது? எங்கண்ணன் வூட்டுக்கு இன்னும் ஓடு போடலயா?"

"உங்கண்ணன் அங்க வேற யாரையோ சேத்துகினாருன்னு தோணுது."

"வேற யாருன்னா? பொம்பளயா?" அவள் சிரித்த சிரிப்பில் பரண் ஆடியது. "அதுக்கெல்லாம் ஒரு தெறம வேணும் அண்ணி. உங்களப் பொண்ணு பாத்துட்டு வந்துச்சே, மூஞ்சி எப்படிடா இருந்துதுன்னு அம்மா கேட்டா, பஜ்ஜியில காரம் கொஞ்சம் ஜாஸ்தின்னுச்சு."

"அப்ப வாசல்ல பூச்செடி யாரு வெச்சது?"

"பூச்செடியா?" என்றவள் சட்டென்று திரும்பித் தகரத்தைத் தட்டி, "ஓய்ய்" என்று கத்தினாள்.

கொல்லையில் ஒரு குருவிகூட இல்லை. அது எனக்குக் கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. என் சந்தேகத்துக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது. இன்னொரு முகத்துக்கு அதில் இடம் இல்லை.

மறுநாள் காலையில் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற குன்றில் ஏறிப் பார்த்தேன். விளையாட்டுக் குன்றுதான். மேலே அடர்ந்த மரங்களுக்குள் அதைக் கண்டேன்.

பரண்.

நாலு கால். மூன்று பக்கம் மறைப்பு, ஒரு பக்கம் திறப்பு. பின்னால் ஏணி. எங்கள் கொல்லையில் இருப்பதை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல் இருந்தது. அதைப்போலவே இதற்கும் கூரை இல்லை. பன்றிக்குக் காவல் இருக்கிறவனுக்குக் கூரை எதற்கு? எங்கள் மலைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அதை இப்படிக் கட்டத் தோன்றாது. ஏறினேன். உள்ளே கட்டில் இல்லை. ஒரு கட்டில்கூட இல்லை.

இரண்டு பேர் இருக்கிற இடம் இல்லை இது. ஒரு பெண் வந்துபோன இடமும் இல்லை. ஒரு நிமிடம் உடம்பே லேசானது. ஒடுகத்தூர்க்காரி கொய்யாப்பழத்தை வைத்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துபோனாள். அந்த நிம்மதியோடு திறப்பின் பக்கம் திரும்பினேன்.

பரணைப் பார்த்தால் எதற்காகக் கட்டியது என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். திறப்பு எந்தப் பக்கமோ, காவல் அந்தப் பக்கம். எதிரே நேராக எங்கள் வீடு தெரிந்தது. வாசல், பூச்செடி, ஜன்னலுக்குள் என் கட்டில்.

அவர் இங்கே உட்கார்ந்து, படுக்காமல், என்னைத்தான் பார்த்திருக்கிறார்.

காவல் என்றால் ஒன்று பயிர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பன்றி இருக்க வேண்டும். நான் பயிரா, பன்றியா?

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. விளையாட்டில் இருட்டிவிட்டது. அவர் பெயர் திரையில் தோன்றியது. உடனே போனும் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"வூட்டுல காணமே, எங்க கீற?"

"பரண் மேல."

கொஞ்ச நேரத்தில் அவருடைய உருவம் ஏணி வழியாக மேலே வந்து என் எதிரில் நின்றது. கட்டை முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. அதற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

"யாரப் புடிக்க இது?" என்றேன்.

"நீயே சொல்லு. மதியம் சமையலுக்குப் போறேன்னு என்கிட்ட சொல்ற. சாப்பாட்டு நேரத்துல நான் உள்ள வந்தா நீ இங்க சுத்தினு கீற. என் தலையக் கண்டதும் மறஞ்சுடற. ஒருதரம்னா பரவால்ல. தெனமுமா? அப்பிடி யாருகூட காந்தா?"

"நானா?"

"உன் பேர்தான் தலைக்கு மேல எழுதிகீது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கிழிசல் வந்துவிட்டது. ஒன்று இல்லை, மூன்று. கீச்சென்ற சத்தம், மேலே பச்சைக் கண்கள். முதலாவது சரிந்து இறங்கி அவரை அடித்துவிட்டு மேலே போனது. அவருடைய உருவம் சிவந்து, பரணின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பன்றிக்கும் கரடிக்கும் பயந்து நாங்கள் உயரத்தில் ஏறுவோம். வானத்திலிருந்து வருவதற்கு அந்த உயரம்தான் வசதி. எங்கள் இரண்டு பேருக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"எறங்குங்க!"

"ஏணி அந்தப் பக்கம். திரும்பினா அடிக்குதுடி!"

வில்லை எடுத்தேன். எய்தேன். படவில்லை. மறுபடி எய்தேன். மேலே போய்க்கொண்டிருந்த கிழிசலுக்குப் பின்னால் அம்பு விழுந்தது. அவருக்கு உயிர் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு கணம் என் கை நின்றது. நிற்கட்டும், அடிபடட்டும், யார்கூட என்று கேட்ட வாய் என்று ஒரு நினைப்பு வந்தது. அது யாருடைய நினைப்பும் இல்லை, என்னுடையதுதான்.

"எறங்குறப்ப அடிங்க அண்ணி! ஏறுறப்ப அடிக்காதீங்க! வாயத் தொறந்துகினு நேரா வரும் பாருங்க, அப்ப வுடுங்க!"

தேவயானி. கொல்லைப் பரணின் ஏணியில் பாதியில் நின்று என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். என் சத்தம் கேட்காமல் கொல்லை முழுக்கக் குருவி இறங்கிவிட்டதாம். என்ன ஆயிற்று என்று ஓடி வந்திருக்கிறாள்.

அவள் சொன்னபடி எய்தேன். ஒன்று விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. மூன்றாவதை அவர் தன் கத்தியால் வெட்டினார். பிறகுதான் சாமைக்குள் குருவிகள் தின்கிற சத்தம் கேட்டது.

"அது யாரு பேசினது?" என்றார் அவர்.

"உங்க தங்கச்சி" என்றேன். அவள் பக்கம் திரும்பினேன். "இது எறங்குறப்பதான் அடிக்கணும்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

தேவயானி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "அண்ணா, மதியத்துல நான்தான். அண்ணி போன்ல ஆடினா அண்ணி பேருதான் காட்டும். செங்கச் சூளைன்னு கிண்டல் பண்ணிட்டு நானே ஆடறன்னு தெரிஞ்சா வுடுவியா நீ? அதான் உன்னக் கண்டா ஓடிடுவேன். ரொட்டியும் நான்தான், பூச்செடியும் நான்தான். போதுமா?" மூச்சு வாங்கினாள். "ஆமா, வானத்துல வர்றதுக்குக் கூரை இல்லாம பரண் கட்டி வெச்சிகீறியே, பன்னியா பறந்து வருது?"

அவர் சிரித்தார். தகரம் உருள்வதுபோல அவருடைய சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. தேவயானி போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தகரத்தைத் தூக்கிக்கொண்டு குருவி விரட்ட இறங்கிப் போனாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன், சிரிப்பு அடங்கியதும்.

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவ."

நானும் அவரிடம் பூச்செடியைப் பற்றிக் கேட்கவில்லை, அதே காரணத்துக்காக.

வீட்டுக்குப் போனோம். "படுங்க, ரெண்டு பேரும் படுத்தாதான் விடியும்" என்றேன். நான் முதலில் படுத்தேன். அவருடைய உருவம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நிற்கிறது. இன்னும் நிற்கிறது. பிறகு படுத்தது. விடிந்தது.

"பரணப் பிரிச்சுடறேன்" என்றார்.

"வேணாம். தெறப்பக் காட்டுப் பக்கம் திருப்புங்க. மேல கூரை போடுங்க."

செய்தார். அன்று சாயங்காலமே செய்துவிட்டதாகச் சொன்னார். மறுநாள் காலையில் குருவி விரட்டுகிற நேரத்துக்கு நடுவே நான் போய்ப் பார்த்தேன். கூரை இருந்தது. திறப்பு காட்டைப் பார்த்து இருந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் முழுவதும் கல் அடைத்திருந்தார். நல்ல வேலை. திரும்பி ஏணியில் கால் வைக்கும்போது உள்ளே தரையில் ஒரு சின்ன வெளிச்சம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். கல் சுவரில் ஒரு கட்டை மட்டும் இல்லை.

குனிந்து பார்த்தேன். வாசல், பூச்செடி, என் கட்டில்.

மறந்திருக்கலாம். கல் தீர்ந்துபோயிருக்கலாம். கேட்டால் அப்படித்தான் சொல்வார். நான் நம்பியதாகத்தான் சொல்வேன். அந்த ஓட்டை வழியாக வெகுநேரம் என் வீட்டைப் பார்த்தேன். யாரும் இல்லாத வீடு, அங்கிருந்து பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவள், அவர் வருகிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

அடைக்கக் கையில் கல் இருந்தது. அடைக்கவில்லை. ஒரு விளக்கை எடுத்து அந்த ஓட்டைக்குள் வைத்தேன். இனி அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் முதலில் விளக்கை எடுக்க வேண்டும். எடுத்தால் என் கட்டிலிலிருந்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இறங்கி வீட்டுக்குப் போய், கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டேன்.