சும்மா நிற்கும்போது காட்டிய எண்

அன்று மாதா கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள்: பிரதாப், யட்டியாந்தோட்டை பஜாரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஜாபிர், அவரிடம் ரிப்பேர் வேலை பார்த்த சாள்ஸ், தரையைக் கூட்டிக்கொண்டிருந்த சாள்ஸின் அம்மா சூசையம்மா, வகுப்பெடுக்கும் சுஜீதா, அவளிடம் படிக்கும் பதினொரு பிள்ளைகள். பூசை முடிந்து வெளியே நின்றவர்களை இதில் சேர்க்கவில்லை. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"இது நம்ம புரொசெசர் இல்ல," என்றான் பிரதாப். "மாத்திட்டான்."

யார் என்று அவன் சொல்லவில்லை. முந்தின நாள் மண்டபத்துக் கணினியைக் கடையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் சாள்ஸ்தான்.

பிரதாப் உயர்தரத்தைப் பாதியில் விட்டவன். தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்தில் சொல்வதுபோல ஸ்டோரில், இரவு வேலை. பகலில் தூங்கவேண்டிய நேரத்தில் மண்டபத்துக் கணினியோடு கிடப்பான். அது ஆயிரத்து எண்ணூறு மெகாஹேர்ட்ஸ் வேகத்துக்குச் செய்யப்பட்டது. அடிப்படை அமைப்புகள் இருக்கும் அதன் பயோஸுக்குள் புகுந்து எண்களை ஏற்றி, இரண்டாயிரத்து எழுநூறில் ஓடவைத்திருந்தான். இதற்கு ஓவர்குளொக் என்று பெயர். தோட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். வேகத்தை ஏற்றுவதற்கு முன்னால் மின்சிக்கன வசதியை அணைத்துவிடு என்று இணையத்தில் எவனோ எழுதியிருந்தான். அணைத்தான். ஏன் என்று யோசிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கணினி திகதியை மறந்தது. கடைசியில் எழும்பவே மாட்டேன் என்றது. சாள்ஸ் அதைக் கடைக்குக் கொண்டுபோய், போர்டிலிருந்த சின்ன பேட்டரியை மாற்றினான். பேட்டரி செத்தால் பயோஸில் போட்டதெல்லாம் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். அது பிரதாப்புக்குத் தெரியும். அதனால் ஞாயிறு காலை மறுபடியும் வேகத்தை ஏற்றிவிட்டு, வேகம் காட்டும் சின்னப் பெட்டியைத் திரையில் திறந்தான். 1800 என்றது. அணைத்துப் போட்டுப் பார்த்தான். அதே 1800.

ஒரே பேர் அச்சடித்த புரொசெசர்களில் ஒன்று ஏறும், ஒன்று ஏறாது என்று அவன் படித்திருந்தான். ஏறுவதைச் சாள்ஸ் எடுத்துக்கொண்டு ஏறாததைப் போட்டுவிட்டான் என்று முடிவு கட்ட அவனுக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஆறு மாதமாகத் தோட்டத்தில் எந்தக் கணினி நின்றாலும் எல்லாரும் பிரதாப்பை விட்டுச் சாள்ஸைத்தான் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, நான் பேட்டரி மட்டுந்தான் மாத்துனேன்," என்றான் சாள்ஸ். "அது இப்ப சும்மா நிக்குது. ஏதாச்சும் பெரிய வேல குடுத்துட்டு நம்பரப் பாருங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத. திருடிட்டு வெளக்கம் வேற."

ஒரு பிள்ளை சிரித்தது. சுஜீதா அதன் தலையில் தட்டினாள்.

ஜாபிர் கத்துகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாள்ஸ், நாளையிலருந்து வரவேணாம். கடைக்குப் பேரு கெட்டா நான் எங்க போறது?"

சூசையம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு மகனோடு வெளியேறினாள். பாதி மண்டபம் கூட்டாமல் கிடந்தது. பிரதாப் அன்று நன்றாகத் தூங்கினான். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து சுஜீதா மண்டபத்துக் கணினியில் திருவிழா வீடியோவை டிஸ்க்கில் ஏற்ற மாற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணே, இந்தச் சின்னப் பெட்டியில நம்பர் கூடிருச்சு. கெட்டுப் போச்சா?"

2700.

வீடியோ முடிந்ததும் எண் 1800-க்கு இறங்கியது. அவன் மறுபடி ஓடவிட்டான். 2700.

"முடிஞ்சிருச்சே, திரும்ப எதுக்கு?"

"சும்மா."

அவள் போனபின் பயோஸைத் திறந்தான். புதுப் பேட்டரியோடு மின்சிக்கனமும் தானாகவே உயிர்பெற்றிருந்தது; அவன் வேகத்தை மட்டுந்தான் ஏற்றியிருந்தான். வேலை இல்லாதபோது புரொசெசர் தன் வேகத்தை ஆறின் பெருக்கத்துக்கு இறக்கிக்கொள்ளும். வேலை வந்தால் ஒன்பதுக்கு ஏறும். அவன் ஏற்றிவைத்த அடிப்படை எண் முந்நூறு; அதை ஆறால் பெருக்கினால் 1800. ஒன்பதால் பெருக்கினால் 2700. பெருக்கும் எண் அந்தப் பெட்டியிலேயே வேகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் பார்க்கவில்லை. முதலிலிருந்தே அந்த வசதியை அணைத்து வைத்தவன், எண் இறங்கி ஒருநாளும் கண்டதில்லை. சாள்ஸ் சொன்னது சரி. எல்லார் முன்னாலும் சொன்னான். இவன்தான் வாயை அடைத்தான்.

பிறகு செய்தது அதைவிடக் கேவலம். வேகத்தைப் பழையபடி குறைத்து வைத்தான். இனி என்ன வேலை கொடுத்தாலும் 1800-ஐத் தாண்டாது. சாள்ஸ் பக்கம் பேச ஒரு எண்கூட மிச்சம் இருக்காது.

வெள்ளிக்கிழமை சுஜீதா சொன்னாள்: "சாள்ஸ் நாளைக்குக் கொழும்புக்குப் போறான். ஏதோ கடையில வேலயாம்."

அது இரண்டாயிரத்து எட்டு, யுத்த காலம். கொழும்பில் பொலிஸ் தமிழ்ப் பையன்களை லொட்ஜில் வைத்தே அள்ளிக்கொண்டு போன வருஷம். தோட்டத்துப் பிள்ளை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்பதை யாரும் நம்பவில்லை.

சனிக்கிழமை பிரதாப் ஸ்டோரிலிருந்து நேராக ஜாபிரின் கடைக்குப் போனான். நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"அப்ப அவன் எடுக்கல."

"இல்ல, ஜாபிர் நானா."

"நான் தெறந்து பாத்திருக்கணும். நீங்க பேசுன பேச்சுல நம்பிட்டேன்." அவர் ரோட்டைப் பார்த்தார். "வரச் சொல்லுங்க, வேல இருக்கு. ஆனா கூப்பிட நான் வரமாட்டேன். எனக்கு மூஞ்சி இல்ல."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சாள்ஸ் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். பிரதாப் அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவான குரலில் இரண்டையும் சொன்னான். தப்பாகப் பார்த்ததை. தெரிந்தபின் குறைத்து வைத்ததை.

"மின்சிக்கனம் ஓன்ல இருந்துச்சா?" என்றான் சாள்ஸ்.

"ம்."

"அத அணைக்கவே தேவல்லண்ணே. ஓன்ல வச்சே வேகத்த ஏத்தலாம். சூடும் கொறையும்." கடைக்கு வந்தவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"ஜாபிர் நானா வரச் சொன்னாரு."

"இருந்துர்றா," என்றாள் சூசையம்மா. "கொழும்பு வேணாம்."

"அந்தக் கடையில ஒரு ஸ்க்ரூ காணாமப் போனாலும் மொதல்ல என் கையத்தாம்மா பாப்பாங்க."

சூசையம்மா பிரதாப் பக்கம் திரும்பினாள். "சத்தமா சொல்லுங்க தம்பி. செவரு மெல்லிசுதான். பக்கத்துக் காம்பராவுக்கும் கேக்கட்டும்."

பிரதாப் பிறந்ததிலிருந்து அவனிடம் வாடா போடா என்று பேசியவள் அவள்.

"நான் சொன்னது தப்பு."

"எது தப்பு?"

"சாள்ஸ் திருடல."

பக்கத்தில் ரேடியோவை யாரோ குறைத்தார்கள்.

"ரெண்டாவது?"

"தெரிஞ்ச பொறகும் மறைச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், "அட நாசமாப் போறவனே," என்றாள். கோபமாகக்கூட இல்லை.

சாள்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சூசையம்மா செருப்பைத் தேடினாள். பஸ் ஏறும்வரை கூட நிற்கப்போகிறாள். பிரதாப் இன்னும் ஸ்டூலிலேயே இருந்தான்.

"எந்திரிங்க," என்றாள்.

அவன் எழுந்து வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் அவள் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டு, பூட்டினாள்.