டிஷ்யூ பாக்கெட் வைத்த நாற்காலி

பேராயர் தங்கையா எங்கே உட்கார்ந்தாலும் எதிரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்து நின்றது. அதன் மேல் பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்று இருந்தது. முதலில் கவனித்தவர் லிட்டில் இந்தியா உணவங்காடியில் டீக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது. "ஆளு வர்றாங்களா ஐயா, இன்னொரு டீ போடவா?" என்றார். யாரும் வரவில்லை என்றார் பேராயர். "டிஷ்யூ வச்சிருக்கே லா," என்றுவிட்டு நெய்னா அடுத்த மேசைக்குப் போனார். டிஷ்யூ வைத்த இடத்தில் சிங்கப்பூரில் யாரும் உட்கார மாட்டார்கள். எழுந்து போனவர் திரும்பி வருவார் என்று அதற்கு அர்த்தம்.

அது நடந்தது ஜனவரியில். பிறகு நாற்காலி எம்ஆர்டி ரயிலில் வந்தது. தஞ்சோங் பகாரில் ஏறிய ஆபீஸ் கூட்டம் நெருக்கியடித்து நின்றதே தவிர அதைத் தொடவில்லை. பல் மருத்துவரிடம் வந்தது. கல்யாண மேடையில் ஏறி எல்லா போட்டோவிலும் விழுந்தது. பேராயர் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார். கை கழுவி வருவதற்குள் அது பழைய இடத்தில் இருந்தது. தானே உட்காரப் பார்த்தார், முழங்கால் மடங்கவில்லை. சபையார் ஆளுக்கொரு காரணம் சொல்லி, கடைசியில் தேவதூதன்தான் என்று முடிவு கட்டினார்கள். ஞாயிறு ஆராதனையில் நிற்க இடமில்லை. பேராயர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அது யாருடைய நாற்காலி என்று அவருக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன், பாட்டுக்குழுவில் இருந்த வசந்தகுமாரி பள்ளிச் சீருடையோடு அவர் அறைக்கு வந்து, போதகர் எப்ராயீம் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை அழுதுகொண்டே சொன்னாள். பேராயர் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டி, "வெளியே உட்காரும்மா, கூப்பிடுறேன்," என்றார். பிறகு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். விளக்கணைக்க ஆள் வரும்வரை அவள் நடையில் கிடந்த சிவப்பு நாற்காலியில் காத்திருந்தாள். பாக்கெட்டை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதமே எப்ராயீமுக்குப் பொன்னாடை போர்த்தி, குவீன்ஸ்டவுன் சபைக்கு மாற்றினார் பேராயர். ஏன் மாற்றம் என்று அங்கே யாருக்கும் சொல்லவில்லை. இந்த ஜனவரியில், ஜூன் விடுமுறைச் சிறுவர் முகாமை எப்ராயீமே நடத்தட்டும் என்று சம்மதித்தார். மறுநாள்தான் நாற்காலி வந்தது.

முகாமுக்கு முந்தைய ஞாயிறு, குவீன்ஸ்டவுன் சபையாரும் வந்து கூடியிருந்த ஆராதனையில், வசந்தகுமாரி நடுவழியாக, பேராயருக்கு எதிரே நின்ற சிவப்பு நாற்காலியை நோக்கி நேரே நடந்தாள். வாசலில் வரவேற்பவர் ஓடி வந்து, "சிஸ்டர், அங்க ஆளு இருக்கு," என்றார்.

"தெரியும் பிரதர். நான்தான் அந்த ஆளு."

பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க கூப்பிடலை ஐயா, நானே வந்துட்டேன். எப்ராயீமைப் பத்தி காலையிலயே போலீஸ்ல சொல்லியாச்சு. இப்ப உங்களைப் பத்திக் கேக்குறேன். நான் அழுதுக்கிட்டே வந்து சொன்னேனே, அதுக்கு என்ன செஞ்சீங்க? இவங்க முன்னாடி சொல்லுங்க."

பேராயர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அது ஒரே ஒரு சம்பவம் என்று ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் இன்னொரு சிவப்பு நாற்காலி வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசை சுவர்வரை நீண்டது. எல்லாவற்றிலும் டிஷ்யூ இருந்தது. குவீன்ஸ்டவுனிலிருந்து வந்த ஒரு தாய் எழுந்து, "எங்க பிள்ளைங்க ஐயா! உண்மையைச் சொல்லுங்க, இல்ல மைக்கை வச்சிருங்க," என்று கத்தினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் பேராயர். "தெரிஞ்சேதான் அவரை அங்க அனுப்பினேன்."

முகாம் நடக்கவில்லை. எப்ராயீமைப் போலீஸ் கொண்டுபோனது. தங்கையா பதவியை விட்டு இறங்கி, அதே வாக்கியங்களைப் போலீசிலும் சொன்னார். டீக்கடையில் அவருக்கு எதிரே ஒன்றும் இல்லாததைப் பார்த்து, "ஆளு வரலையா ஐயா?" என்று கேட்டார் நெய்னா. "வந்துட்டாங்க," என்றார் அவர்.

மற்ற நாற்காலிகள் சபையில் அப்படியே நின்றன. குவீன்ஸ்டவுனிலிருந்து ஒவ்வொருவராக வந்து, பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்து எழுந்ததும் அது வெறும் நாற்காலியாகி, அடுக்கி வைக்க முடிந்தது. ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிப் பெருக்குகிறார்கள். புதிய பேராயர் தன் மேசையை அதற்கு எதிரே போட்டுக்கொண்டார். பழைய அறையின் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்தாகிவிட்டது.