வெள்ளிக்கும் பிறை உண்டு

...ஆமா என்று எப்படி வந்தது அந்தச் சொல், நோன்பு திறந்து ஒரே ஒரு பேரீச்சம்பழம்தான் உள்ளே போயிருந்தது, நாக்கின் வறட்சிகூட அடங்கவில்லை, அதற்குள் ஆமா... மாமனார் அய்யூப் போனில் கேட்டது ஒரே கேள்வி, "வெறுங்கண்ணுலயா பாத்த, புள்ள?" இல்லை மாமா, இங்கே நம் தீவின் மலைமேல் வானாய்வுக் கூடத்துத் தொலைநோக்கியில்தான் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? குறைந்துதான் போயிருக்கும், சம்சாத்துக்கு அது தெரியும். கண்ணாடி வழியே பார்த்தது சாட்சியாகாது என்று பள்ளிவாசல் கமிட்டியில் வாதாடியவரே அவர்தான். இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. அவர் குரல் சிறுபிள்ளையுடையதாக மாறிவிட்டது, "மெயின்லாண்டுக்காரன் இன்னும் நோன்பே தொறக்கல, நம்ம வீட்டு மருமக பிறையே பாத்துட்டா, பக்கா!" என்று பக்கத்தில் யாரிடமோ பெருமையடித்தபடியே போனை வைத்துவிட்டார்.

நாளை பெருநாளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், அதற்கு மேல் அவள் என்ன கேட்டாள்? நாளை மாலை கணவன் ரியாஸ் கப்பலேறுகிறான், கப்பலின் சமையல்கட்டில் வேலை, லீவு முடிந்துவிட்டது, போன பெருநாளும் நடுக்கடலில்தான் அவனுக்கு. மகள் ஷிபா, அத்தாவோடு ஈத்கா தொழுகைத் திடலுக்குப் போவேன் என்று மத்தியானமே மருதாணி வைத்துக்கொண்டு கையை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்... டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் வீட்டு மாடியிலிருந்து மேற்கே மரமும் மேகமும்தான், அதனால்தான் இங்கே வந்தாள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுவரெல்லாம் உப்புக்காற்றில் பொரிந்திருக்கிறது, தகரக் கூரை கரகரவென்று விலகும்போது பிள்ளைகள் கத்துகிறார்கள், தொலைநோக்கியின் பித்தளைக் குழாயில் எத்தனை பேர் கண் வைத்திருப்பார்களோ, விளிம்பு தேய்ந்து மின்னுகிறது. வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும் வேலையில் இருக்கும் வசந்தகுமாரி முக்காட்டையும் வறண்ட உதட்டையும் பார்த்துத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், "நோன்பு தொறந்த களைப்போட நிக்காதீங்கக்கா, முன்னாடி வாங்க," என்று வரிசையின் தலைக்கே கூட்டிப்போனாள், நின்றிருந்தவர்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த நல்ல மனசுகளின் முன்னால்தான் அவள் குனிந்து பார்த்தாள்... இருட்டில் நகக்கீற்றுப்போல வெள்ளையாக, நடுங்கிக்கொண்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது, அது உண்மைதானே, அந்த நிமிடம் உண்மைதானே? உடனே மாடியோரம் வந்து போனை எடுத்தாள்.

"அரே, டிக்லிபூர்லேர்ந்து பஸ்ல முதுகொடிஞ்சு வந்தது இந்தத் துண்டு நிலாவப் பாக்கவா? எங்க ஊர்ல இதவிடப் பெருசா ஃப்ரீயா தெரியும்," என்று தொலைநோக்கியடியில் ஒருவர் சிரிக்கிறார். வசந்தகுமாரியும் சிரிக்கிறாள், "நிலா இல்ல அண்ணா, வெள்ளி. வெள்ளிக்கும் பிறை உண்டு. நிலா அதோ, அந்த மேகத்துக்குப் பின்னால, இன்னைக்கு யாருக்கும் காட்டல."

வெள்ளியா. கைப்பிடிச் சுவர் ஜில்லென்று இருந்தது. இதைத்தான் நின்று கேட்டிருக்கலாமே, இது என்ன என்று, ஒரு வார்த்தை, பக்கத்திலேயே நின்றாளே அந்தப் பெண்... ஏன் கேட்கவில்லை, தெரியாமலா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்றா? பள்ளிவாசலில் இந்நேரம் மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள், அவளை நம்பி ஊரே நாளை நோன்பை விட்டுவிடும். அப்போது வசந்தகுமாரி இந்தப் பக்கம் வந்தாள், "மேகம் வெலகுதுக்கா, கொஞ்சம் பொறுங்க, வெறுங்கண்ணுக்கே தெரியும்னு நெனைக்கிறேன்." யா அல்லாஹ், தெரிந்துவிடட்டும், தெரிந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆமா என்றது ஆமாவாகவே இருந்துவிடும்... துஆவைப் பாதியில் விட்டாள். எதைக் கேட்கிறேன் அவனிடம், என் பொய்யை மெய்யாக்கித் தா என்றா? மேற்கே திரும்பாமல், கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனைப் போட்டாள்.

"மாமா, நான் பாத்தது பிறை இல்ல, வெள்ளி. வெறுங்கண்ணுலயும் இல்ல, குழாயில. பொய் சொல்லிட்டேன்." அந்தப் பக்கம் யாரோ இமாம் ஹஜ்ரத்தைக் கூப்பிடும் சத்தம், பிறகு அவர், மெதுவாக, "மைக்கு இன்னும் போடல, புள்ள. எம்மவன் கப்பலுக்குப் போறான்னு எனக்கும்தானே இருந்துச்சு, ரெண்டாந்தடவ கேக்காம வச்சது நான்தானே." திட்டியிருக்கலாம் அவர், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "இப்ப பாரு. வெறுங்கண்ணுல பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். மேகத்தின் கிழிசலில் கடலுக்கு மேலே, ஏதோ ஒரு கீற்று... கண்ணில் நீர் கோத்திருந்தது, துடைத்தாள், இருந்தது, இமைத்தாள், இல்லை, மறுபடி இருந்தது. "பாத்தியா, புள்ள?" அவர் நம்புவார், இந்த முறையும் ஒரு சொல் போதும் அவருக்கு. அவளுக்குத்தான் தன் கண்ணிடம் சாட்சி கேட்கப் பயமாக இருந்தது.